எரியறது எங்கம்மாவுக்கு. "அப்படி யாருமே இல்ல"ன்னு ரெண்டு பேர் சொல்றாங்க. எது சரி?

டிரெய்லர்காரன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டை. கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுறேன். மணலி, மாதவரம் பக்கம் யார்டுல பெட்டி ஏத்திட்டு வந்தா ஹார்பர் ஜீரோ கேட்டுக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல லைன்ல நிக்கணும். எவ்ளோ நேரம்னு கேக்காதீங்க. வண்டி நாலடி நகரும், பிரேக்கப் போடு, மறுபடி நாலடி. அந்த நேரத்துலதான் போன்ல வேதாந்தம், புத்தர்னு கேக்க ஆரம்பிச்சேன். பத்தாவதோட நின்னவன், அதனால புரியற மாதிரி பதில் சொல்லுங்க.

விஷயம் இதான். அம்மாவுக்கு 68 வயசு. காசிமேட்டுல ஏலத்துல மீன் எடுத்து, கூடையில வச்சு தெருத்தெருவா வித்து எங்களை ஆளாக்கினவங்க. போன வருஷம் இடது பக்க விலாவுல அக்கி வந்துச்சு. கொருக்குப்பேட்டையில ஒரு பெரியவர்கிட்ட கூட்டிட்டுப் போய் காவி குழைச்சு எழுதிகிட்டு வந்தோம். மாத்திரையும் வாங்கிக் குடுத்தோம். கொப்புளம் காஞ்சு உதிர்ந்துடுச்சு, எரிச்சல் மட்டும் போகல. மாசக்கணக்கா அப்படியே இருக்கு. தோலைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் நிறம் மங்கி ஒரு பட்டை, அவ்ளோதான். ஆனா ஜாக்கெட் துணி உரசினா துடிச்சிப் போறாங்க. ஜாக்கெட்டோட இடது பக்கத்த கத்திரியால வெட்டி விட்டுட்டு, அப்பாவோட பழைய வேட்டி, துவைச்சுத் துவைச்சு நைஞ்சது, அத மேல போத்திகிட்டு உக்காந்திருக்காங்க. ஃபேன் காத்து பட்டாலும் எரியுதாம். மே மாசம் எங்க தெருவுல ஃபேன் இல்லாம எப்படி இருக்கறது?

எங்க அக்கா வீட்டுக்காரர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஃபேக்டரியில இருந்து ரிட்டயர் ஆனவர். பெரம்பூர்ல ஞாயித்துக்கிழமை வேதாந்த வகுப்புக்குப் போவார். நல்ல மனுஷன், ஆஸ்பத்திரி செலவுல பாதி அவர் குடுத்ததுதான். அன்னிக்கு அம்மா பக்கத்துல உக்காந்து பொறுமையா சொன்னார்: "அத்தை, வலி உடம்புக்கு. நீங்க உடம்பு இல்ல. உடம்பைப் பாத்துகிட்டு இருக்கிறவங்க நீங்க. பாக்கிறவங்களுக்கு வலி கிடையாது."

அம்மா அவரையே பாத்தாங்க. "அப்ப இத நீங்க கொஞ்ச நேரம் வச்சிக்கங்களேன், மாப்ள. நான் ஒரு தூக்கம் தூங்கிட்டு வாங்கிக்கிறேன்"ன்னாங்க.

அக்கா சிரிச்சிடுச்சு. மாமா சிரிக்கல.

லைன்ல என்கூட நிக்கிற வியாசர்பாடி அண்ணன் ஒருத்தர் இருக்கார், புத்த மார்க்கத்துக்காரர். அவர்கிட்ட இதச் சொன்னேன். "உங்க மாமா சொல்றது தப்பு. பாக்கிறவன்னு ஒருத்தன் உள்ள உக்காந்திருக்கிறதே பொய். துன்பம் இருக்கு, துன்பப்படுற ஆள்னு யாரும் இல்ல. எங்க பழைய நூல்லயே இப்படித்தான் இருக்கு"ன்னார்.

ஒருத்தர் "பாக்கிற அந்த ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு"ங்கிறார். இன்னொருத்தர் "அந்த ஒண்ணும் இல்ல"ங்கிறார். ரெண்டு கணக்குலயும் எங்கம்மா காணாமப் போயிடறாங்க. எரிச்சல் மட்டும் வீட்டுல இருக்கு. இந்த ரெண்டு தத்துவமும் கடைசியில ஒண்ணுதானா? மாமா சொன்னது புஸ்தகப்படி சரியா? சரின்னா, கேக்கும்போது எனக்கு ஏன் அவ்ளோ கோவம் வந்துச்சு?

---

ஒத்தியூர் அடியான்

தம்பி, எங்க கணக்குல உங்கம்மா காணாமப் போக மாட்டாங்க. சைவ சித்தாந்தத்துல பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டியிருக்கிற கட்டு) மூணுமே என்னைக்கும் உள்ள பொருள். உயிர் வெறும் தோற்றம் இல்ல. அதுவே சிவமும் இல்ல. இறைவன் உயிரோட பிரிக்க முடியாதபடி கலந்து நிக்கிறான், ஆனா உயிர் கரைஞ்சு அவனா ஆயிடறதில்ல, முத்தியில கூட. 13-ம் நூற்றாண்டுல மெய்கண்டார் சிவஞானபோதத்துல 12 சூத்திரத்துல இத நிறுத்திட்டார். வலியும் மெய், வலிக்கிற உயிரும் மெய்.

ஒத்தியூர்ல, அதான் திருவொற்றியூர்ல, குடியிருந்துகிட்டு சுந்தரரைச் சொல்லாம விட முடியாது. சங்கிலியாரை இங்கதான் மணந்தார், உன்னைப் பிரிய மாட்டேன்னு சத்தியம் பண்ணார். ஊர் எல்லையத் தாண்டினதும் ரெண்டு கண்ணும் போச்சு. அப்ப அவர் "கண்ணு நான் இல்ல"ன்னு பாடினாரா? "மகத்தில் புக்கதோர் சனி எனக்கானாய்"னு சாமியப் பாத்தே திட்டினார். மூணு கண்ணு வச்சிருக்கிற நீ என் கண்ணப் புடுங்கிக்கறதுதான் நியாயம்னா, ஊணிக்க ஒரு கோலாவது குடுன்னு கேட்டார். தேவாரத்துல ஏழாம் திருமுறையில இருக்கு, பாத்துக்கங்க. அம்மாவுக்குத் தெம்பு இருந்தா வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் சன்னதிக்குக் கூட்டிட்டு வாங்க. வந்து சண்டை போடட்டும். அவளுக்கு அது புதுசில்ல.

---

மருந்துக்கடைத் தம்பி

தத்துவம் எனக்குத் தெரியாது அண்ணா. அக்கி ஆறின பிறகும் நிக்கிற எரிச்சல் நரம்பு வலி. வயசானவங்களுக்கு அதிகமா வரும். சாதாரண வலி மாத்திரை அதுக்கு அவ்வளவா கேக்காது. நரம்பு வலிக்குன்னே மாத்திரை இருக்கு, மேல பூசற களிம்பும் இருக்கு. ஆனா சீட்டு இல்லாம கடையில கேக்காதீங்க. தலை சுத்தும், தூக்கம் தள்ளும், கிட்னி எப்படி இருக்குன்னு பாத்துட்டு கொஞ்சம் கொஞ்சமாத்தான் அளவு ஏத்துவாங்க. வயசானா இப்படித்தான்னு யாராவது திருப்பி அனுப்பினா, வேற டாக்டர்கிட்ட போங்க. நரம்பு டாக்டரா இருந்தா நல்லது.

---

பெரம்பூர் டீச்சர்

மருந்துக்கடைத் தம்பி சொன்னதை முதலில் செய்யுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். உங்கள் மாமா போகிற மாதிரி வகுப்புகளுக்கு நானும் போயிருக்கிறேன். அவர் சொன்னது புத்தகப்படி சரிதான். அத்வைதம் (இருப்பது ஒரே ஆத்மா என்ற வேதாந்தம்) சொன்ன சங்கரர் எழுதியதாகச் சொல்லப்படும், உரை அல்லாத தனி நூல்களில், அவருடையதுதான் என்று ஆராய்ச்சியாளர்களும் ஏற்றுக்கொள்வது உபதேச சாஹஸ்ரி. அதில் இதே வாதம் வருகிறது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒருவன் தலையைக் காட்டுகிறான், மார்பைக் காட்டுகிறான், வயிற்றைக் காட்டுகிறான். வலியை அறிகிறவனைக் காட்டுவதில்லை. ஆகவே வலி அறியப்படும் பொருளில் இருக்கிறது, அறிகிறவனிடம் இல்லை என்கிறார். கூர்மையான வாதம். நான் இன்னும் அதற்கு முழு மறுப்புக் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் அதே நூலின் தொடக்கத்தைப் பாருங்கள். இதை யாருக்குச் சொல்லலாம் என்று ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. பிள்ளை, பணம், உலகம் எல்லாவற்றிலும் ஆசை விட்டவன், மனம் அடங்கியவன், முறைப்படி ஆசிரியரைத் தேடி வந்தவன். அந்த நூலில் பேசுகிற மாணவன் தானாக வந்து உட்கார்ந்து "இந்தத் துன்பத்திலிருந்து எனக்கு எப்படி விடுதலை, இது என் இயல்பா, வந்து ஒட்டியதா" என்று கேட்கிறான். உங்கள் அம்மா மாமாவிடம் எதையும் கேட்கவில்லை. எரிகிறது என்று மட்டும் சொன்னார். உங்களுக்கு வந்த கோபம் அங்கிருந்துதான் என்று நினைக்கிறேன்.

வியாசர்பாடி அண்ணன் சொன்ன வாக்கியமும் நூலில் உள்ளதுதான். விசுத்திமக்கம் என்ற பாலி மொழிப் பௌத்த நூலில் புத்தகோசர் எழுதியது. 5-ம் நூற்றாண்டு. அவர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததாக அவருடைய உரைநூல் ஒன்றின் முடிவிலேயே குறிப்பு இருக்கிறது, அந்த வகையில் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஆனால் அந்த வாக்கியத்தைத் தனியாகப் பிய்த்து எடுத்தால் ஆபத்து. புத்தரிடமே ஒருவர் இதை நேராகக் கேட்டிருக்கிறார். ராஜகிருகத்தில் அவர் பிட்சைக்குப் போகும்போது காசியபர் என்ற நிர்வாணத் துறவி வழிமறிக்கிறார். துன்பம் தானே செய்துகொண்டதா? அப்படி இல்லை. பிறர் செய்ததா? அப்படி இல்லை. இரண்டுமா? இல்லை. தற்செயலா? அதுவும் இல்லை. அப்படியானால் துன்பமே இல்லையா? "இல்லாமல் இல்லை, காசியபா. துன்பம் இருக்கிறது." சரி, உமக்குத்தான் அது தெரியவில்லை போலிருக்கிறது. "தெரியாமல் இல்லை. எனக்குத் துன்பம் தெரியும், அதைப் பார்க்கிறேன்." புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. யாருடையது என்ற கேள்விக்கு அவர் பிடிகொடுக்கவே இல்லை. இருக்கிறதா என்று கேட்டதும் ஒரு கணம் தயங்கவில்லை.

இரண்டும் ஒன்றா என்று கேட்டீர்கள். ஒன்றில்லை. சங்கரர் பிரம்மசூத்திர உரையில் இரண்டாம் அத்தியாயத்தில் பௌத்தக் கட்சிகளை வரிசையாக எடுத்து அடிக்கிறார். அப்படி அடித்தவரையே அவருடைய எதிராளிகள் மறைமுக பௌத்தர் என்று ஏசினார்கள். அதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய குருவுக்குக் குருவான கௌடபாதரின் மாண்டூக்ய காரிகை நான்காம் பகுதியைப் படித்தால் பௌத்த நூலைப் படிப்பது போலவே இருக்கும். பக்கத்து வீடுகள், நடுவில் சுவர் உண்டு.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது வேறு. 8-ம் நூற்றாண்டில் நாளந்தாவில் இருந்த பௌத்தத் துறவி சாந்திதேவர் போதிசரியாவதாரம் என்று ஒரு நூல் எழுதினார். அதில் எட்டாம் பகுதியில் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிற இடத்துக்கே வருகிறார். துன்பத்துக்குச் சொந்தக்காரன் என்று யாரும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். அடுத்த வரியில் அதை வைத்து என்ன செய்கிறார் பாருங்கள். சொந்தக்காரனே இல்லை என்றால் என் துன்பம், உன் துன்பம் என்று பிரிக்க வழி இல்லை. துன்பம் என்பதாலேயே அது நீக்கப்பட வேண்டியது, அதில் இது யாருடையது என்று ஏன் வரம்பு கட்டுகிறீர்கள் என்று கேட்கிறார். மாமாவின் கணக்கிலும் இதே கிளை உண்டு. கீதை ஆறாம் அத்தியாயம், 32-வது சுலோகம்: பிறருடைய இன்பத்தையும் துன்பத்தையும் தன்னுடையதைப் போலவே பார்க்கிறவனே மேலான யோகி. அம்மாவும் மாமாவும் ஒரே ஆத்மா என்றால், அந்த எரிச்சல் மாமாவுடையதும்தானே? "கொஞ்ச நேரம் நீங்க வச்சிக்கங்க"ன்னு அம்மா கேட்டது பாருங்கள், அத்வைதத்தை அவர்தான் மாமாவைவிட நேராகப் பிடித்தார்.

இன்னும் ஒன்று. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை என் வகுப்பில் நான் விடாமல் நடத்திய பகுதி, பாடத்திட்டத்தில் இல்லாத வருடங்களிலும். கோதமை என்ற தாயின் மகன் சார்ங்கலன் சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சி உயிர்விடுகிறான். அவள் பிள்ளையைத் தூக்கி வந்து சம்பாபதித் தெய்வத்தின் வாசலில் நின்று, என் உயிரை எடுத்துக்கொண்டு அவனைக் கொடு என்கிறாள். தெய்வம் நிதானமாக வாதம் செய்கிறது: உயிர் வினைவழியே போய்விட்டது, திருப்ப முடியாது. உயிருக்கு உயிர் வாங்க முடியும் என்றால் உலகாண்ட மன்னர்களுக்காகக் கொடுக்க ஆள் இருந்திருக்காதா, இந்தச் சுடுகாட்டில் அரசர்களுக்கு ஆயிரம் கோட்டம் ஏன் நிற்கிறது என்று கேட்கிறது. அவள் நம்பவில்லை. உடனே அண்டத்தில் உள்ள தேவர்கள் அத்தனை பேரையும் வரவழைத்து அதையே சொல்ல வைக்கிறது. இப்போது அவள் ஒப்புக்கொள்கிறாள். பிள்ளையைச் சிதையில் வைக்கிறாள். தானும் செத்துப்போகிறாள்.

இதே தாய் பாலி மரபில் கிசாகோதமி. செத்த குழந்தையோடு புத்தரிடம் வருகிறாள். சாவு விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்கிறார். அநாத்மா, அதாவது உள்ளே நிலையான ஆள் இல்லை என்பது பற்றி அந்த நேரத்தில் ஒரு வார்த்தை இல்லை. அவள் சாவத்தி நகரில் வீடு வீடாகப் போகிறாள். கடுகு எல்லா வீட்டிலும் இருக்கிறது, கொடுக்கவும் செய்கிறார்கள், பிறகு அவள் கேட்கிறாள், அவர்கள் தங்கள் வீட்டுச் சாவைச் சொல்கிறார்கள். திரும்பி வரும்போது கையில் குழந்தை இல்லை. இவள் பிழைக்கிறாள், துறவியாகிறாள், அவள் பெயரில் பௌத்தப் பெண் துறவிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் பாட்டே இருக்கிறது. மணிமேகலை எழுதிய சாத்தனார் மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை, ஆனால் கோதமைக்குப் பதில் சொல்ல முப்பத்து முக்கோடி சாட்சி வந்தும் அவள் கூட நடக்க ஓர் ஆள் வரவில்லை என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவளைச் சுற்றி நின்ற எல்லோரும் சொன்னது உண்மைதான்.

---

கேப்டன் காட்டன் கால்வாய்

நான்தான் அந்த லைன்ல நிக்கிற ஆளா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வியாசர்பாடியில அப்படிப் பேசறவங்க நிறைய பேர்.

டீச்சர் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' முன்னுரையில கேட்ட கேள்வி. நூல் 1957-ல, அவர் போன பிறகு வந்துச்சு. நாலு உண்மைன்னு சொல்றாங்களே, அது புத்தர் சொன்னதுதானா, இல்ல பின்னால பிக்குகள் சேத்ததான்னு நேராவே கேட்டார். பிறப்பு துன்பம், மூப்பு துன்பம், சாவு துன்பம்னு சொல்லிட்டா மனுஷனுக்கு நம்பிக்கைக்கு இடம் எங்கன்னு. அவர் பார்வையில மனுஷனுக்கு மனுஷன் பண்ற கொடுமைதான் முதல்ல பாக்க வேண்டிய துன்பம். ஆத்மா இல்லைங்கிறதயும் எங்க பெரியவங்க அப்படித்தான் எடுத்துகிட்டாங்க. உள்ள நிலையா ஒண்ணு இல்லன்னா, பிறவியிலயே உசத்தி, தாழ்த்தின்னு ஒட்டிகிட்டு வர்றதுக்கும் எதுவும் இல்ல. 1898-லயே அயோத்திதாசர் ராயப்பேட்டையில சாக்கிய பௌத்த சங்கம் வச்சது வலியே இல்லன்னு சொல்றதுக்கா?

தலைச்சுமையா மீன் வித்த அம்மா வலிய அந்தக் கண்ணால பாருங்க. நம்ம ஏரியாவுல ஒரு நரம்பு டாக்டரப் பாக்க எத்தனை மணிக்குப் போய் டோக்கன் போடணும்னு யோசிங்க. அது கர்மாவும் இல்ல, மாயையும் இல்ல.

---

டிரெய்லர்காரன்

எல்லாருக்கும் நன்றி. அண்ணா, நீங்க அவர் இல்ல, அவருக்கு டைப் பண்ண வராது. ஆனா அவர்கிட்ட காட்டினேன், "இதத்தான் நான் சொல்ல வந்தேன்"னார்.

நரம்பு டாக்டரப் பாத்தோம். ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுத்திருக்கார். கொஞ்சம் தூங்கறாங்க. காலையில எந்திரிச்சா தள்ளாடறாங்க, அதனால அக்கா வந்து கூட இருக்கு.

டீச்சர் எழுதினத மாமாகிட்ட முழுசா படிச்சுக் காட்டினேன். கீதை சுலோகம் அவருக்கு மனப்பாடம், எண்ணு சொன்னதுமே ஒப்பிச்சார். அப்புறம் ரொம்ப நேரம் பேசல. கடைசியில ஒண்ணு கேட்டார், அதுக்கு எனக்குப் பதில் தெரியல. "ரமண மகரிஷிக்கு கையில கட்டி வந்தப்ப எத்தனை ஆபரேஷன் பண்ணாங்க, அவர் உடம்புக்குத்தான் வலின்னு இருந்தாரே. அப்ப நான் சொன்னது வெறும் பேச்சு இல்லையே"ன்னார்.

அம்மாகிட்ட கடுகு கதைய மட்டும் சொன்னேன். முழுசா கேட்டாங்க. "அவ கடுகு குடுத்த வீட்டுக்காரிங்க நல்லவளுங்க. நான் மீன் கூடையோட போனா தண்ணி கேட்டாலே சில வீட்டுல உள்ள போயிடுவாளுங்க"ன்னாங்க. இத நான் எதிர்பாக்கல.

---

பெரம்பூர் டீச்சர்

உங்கள் அம்மா சொன்னதை என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

மாமாவின் கேள்வி நியாயமான கேள்வி. ரமணருக்கு இடது கையில் வந்தது புற்றுக்கட்டி. நான்கு முறை அறுத்தார்கள். 1950 ஏப்ரல் 14-ம் தேதி இரவு உடம்பை விட்டார். அந்த ஒன்றேகால் வருடமும் அவர் இருந்த விதம் எனக்கும் ஆச்சரியம்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது அவருடைய கை. தன் கையைப் பற்றி அவர் சொன்னார். மருத்துவர்கள் கத்தியோடு வந்தபோது, "இது பொய், உங்களுக்கு வேலை இல்லை" என்று திருப்பி அனுப்பவும் இல்லை. பக்தர்கள் அழுது கேட்டால் வைத்தியத்துக்குக் கையை நீட்டினார்.

புத்தருக்கும் வயதான காலத்தில் முதுகு வலி இருந்தது. மல்லர் குலத்தாரின் பாவா நகரத்தில் புதிதாகக் கட்டிய மண்டபத்தில் இரவு வெகுநேரம் போதித்துவிட்டு, தலைமைச் சீடர் சாரிபுத்தரைக் கூப்பிட்டு, "என் முதுகு வலிக்கிறது, கொஞ்சம் நீட்டிப் படுக்கிறேன், நீ பேசு" என்றார். மேலாடையை நாலாக மடித்து விரித்து வலப்பக்கமாகப் படுத்துவிட்டார். சாரிபுத்தர் பேசிய அந்த நீண்ட போதனை தீக நிகாயம் என்ற இன்னொரு பாலித் தொகுப்பில் இருக்கிறது. தொடக்கத்திலேயே இந்த முதுகு வலியையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள், யாரும் அதை வெட்டவில்லை.

இதையும் மாமாவிடம் படித்துக் காட்டுங்கள். அடுத்த ஞாயிறு வகுப்பில் அவரே கேட்கட்டும்: ஒரே ஆத்மா என்றால் அத்தையின் எரிச்சலை நான் எப்படிப் பார்க்க வேண்டும் என்று. அங்கே என்ன பதில் வந்தது என்று இங்கே போடுங்கள், எனக்கும் தெரிய வேண்டும். காலைத் தள்ளாட்டத்தை டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா?